வீட்டில் மூன்று பேருக்குச் செதில்: செபொரிக் டெர்மடைட்டிஸ் உண்மையில் எவ்வளவு பரவலானது?

கேள்வி: குடியாத்தம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. குடியாத்தம் அருகே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஐந்தாறு ஆண்டுகளாகவே என் மூக்கின் இருபக்க மடிப்புகளிலும் புருவத்துக்குள்ளும் தோல் சிவந்து உரிகிறது. தலையில் பொடுகு எப்போதும் இருக்கும். கரும்பலகையில் எழுதிவிட்டு மாணவர்கள் பக்கம் திரும்பும்போது, தோளில் கிடப்பது சாக்கட்டித் தூளா பொடுகா என்று எனக்கே தெரியாத நாள்கள் உண்டு. மார்கழிக் குளிரிலும் பொதுத்தேர்வு நேரத்திலும் இது கூடிவிடும். கோடை விடுமுறையில் தானாகவே குறைந்துவிடும்.

சென்ற மாதம் வேலூரில் ஒரு மருத்துவரிடம் காட்டியபோது இதற்குச் செபொரிக் டெர்மடைட்டிஸ் என்று பெயர் சொல்லி, ஒரு ஷாம்பூவும் எழுதிக் கொடுத்தார். கூட்டம் அதிகமாக இருந்ததால் மேற்கொண்டு எதுவும் கேட்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்: 67 வயதாகும் என் அப்பாவுக்கும் இதே இடங்களில் இதே போன்ற செதில் இருக்கிறது, என்னைவிட அதிகமாகவே. அவருக்கு மூன்று ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். காலையில் எழும்போது இமைகளின் விளிம்பில் பொடிப்பொடியாகச் செதில் ஒட்டிக்கொண்டு, கண்ணைத் திறக்கவே சிரமப்படுகிறார். போதாததற்கு, பிறந்து இரண்டு மாதமே ஆன என் மகனின் உச்சந்தலையில் மஞ்சள் நிறத்தில் மெழுகு போன்ற பொருக்கு படர்ந்திருக்கிறது.

என் மாமியார் இதை ஒட்டுவாரொட்டி என்று முடிவு செய்துவிட்டார். சீப்பு, துண்டு, தலையணை எல்லாம் பிரிக்கப்பட்டுவிட்டன. அப்பா பேரனைப் பார்க்க வந்தால் குழந்தையை அவர் மடியில் விடுவதில்லை. வாய்விட்டு யாரும் எதுவும் சொல்வதில்லைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் குழந்தைக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

நான் கேட்க விரும்புவது இவைதான். இது உண்மையில் எத்தனை பேருக்கு வருகிறது? ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுமா? அப்பாவின் நரம்பு நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா? இணையத்தில் தேடியபோது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது என்று படித்துவிட்டு இரண்டு இரவுகள் தூங்கவில்லை. இதனோடு சேர்ந்து வரும் மற்றத் தோல் நோய்கள் எவை என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி: தோல் மருத்துவர், ராணிப்பேட்டை

அம்மா, தொற்றுமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் சீப்பு பிரிந்து கிடப்பது அதனால்தானே. தொற்றாது. இந்த அழற்சியில் பங்கு வகிக்கும் மலசேசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை, உங்கள் மாமியார் தலை உட்பட ஏறத்தாழ எல்லாப் பெரியவர்களின் தோலிலும் ஏற்கெனவே குடியிருக்கிறது. 1874-இல் மலசே என்ற பிரெஞ்சு அறிஞர் செதிலில் இதைக் கண்டு விவரித்தார்; பெயரும் அவரிடமிருந்தே வந்தது. இது நமது எண்ணெய்ச் சுரப்பிகள் கசியவிடும் கொழுப்பைத் தின்று வாழ்கிறது. தின்றபின் அது விட்டுவைக்கும் கொழுப்பு அமிலங்கள், குறிப்பாக ஒலியிக் அமிலம், சிலருடைய தோலை மட்டும் உறுத்துகின்றன. பூஞ்சை எல்லாரிடமும் இருக்க, அதற்குச் சிலருடைய தோல் மட்டும் கோபித்துக்கொள்கிறது என்பதுதான் இந்த நோயின் சுருக்கம். எனவே சீப்பைப் பிரிப்பதால் யாருக்கும் இலாபமில்லை.

எத்தனை பேருக்கு வருகிறது என்பதற்கான பதில், எதை நோய் என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. வெறும் பொடுகையும் இதன் மெலிந்த வடிவமாகக் கருதினால், பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சிவப்பும் அரிப்பும் செதிலும் சேர்ந்து முகத்துக்கும் இறங்கியிருப்பதை மட்டும் எண்ணினால் தொகை வெகுவாகச் சுருங்கிவிடும். பழைய பாடநூல்கள் 100 பேரில் 1 முதல் 3 பேர் என்று எழுதின. 2024-இல் வெளியான, பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய தொகுப்பு, உலக அளவில் 100-க்கு 4 பேருக்குச் சற்று மேல் என்றும், பெரியவர்களில் மட்டும் பார்த்தால் 5 முதல் 6 பேர் என்றும் கணக்கிட்டது. அதே தொகுப்பில் இந்தியாவின் எண்ணிக்கை 3-க்கும் கீழே, மற்ற நாடுகளைவிடக் குறைவாக வந்திருக்கிறது. நம் தோல் ஏதோ வலியது என்று இதற்குப் பொருள் கொள்ள நான் தயங்குகிறேன். தலையில் எண்ணெய் படிய வாரிவிட்டால் செதில் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதைப் பொடுகு என்று சொல்லி மருத்துவரிடம் கொண்டுபோக மாட்டோம். மாநிறத் தோலில் சிவப்பும் எளிதில் புலப்படாது. என் புறநோயாளர் பிரிவுக்கு வேறு ஏதோ காரணத்துக்காக வருபவர்களின் காதுக்குப் பின்புறத்தை விலக்கிப் பார்க்கும்போது, இந்த எண்ணிக்கை குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் வீட்டுக் கதையைப் படித்தபோது வியந்தேன். இந்த நோய் வாழ்நாளில் எட்டிப் பார்க்கும் மூன்று பருவங்களும் உங்கள் கூரையின்கீழ் ஒன்றாக இருக்கின்றன. பிறந்த முதல் மூன்று மாதங்கள், பருவமடைந்தது முதல் இளமைக் காலம், 50 வயதுக்குப் பிந்தைய காலம் ஆகியவையே அவை. கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து வந்த ஹார்மோன்களால் குழந்தையின் எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்திருக்கும். சில மாதங்களில் அவை உறங்கிவிடும். பூப்புப் பருவத்தில்தான் மறுபடியும் எழும். இடையில் பள்ளிச் சிறுவர்களுக்கு இந்த நோய் அரிதாக வருவதன் காரணம் இதுதான். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தலையில் செதிலும் முடி உதிர்வும் இருந்தால் நான் முதலில் ஐயப்படுவது தலைப் படர்தாமரையை. அதுதான் உண்மையில் தொற்றக்கூடியது, அதற்குச் சீப்பைப் பிரிப்பதும் சரியே. உங்கள் மகனுக்கு இருப்பதோ பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானாகவே மறைந்துவிடும். குழந்தை நன்றாகப் பால் குடித்து, நன்றாகத் தூங்கினால் கவலை இல்லை. அரிப்பு தாங்காமல் கன்னத்தைத் துணியில் தேய்த்துக்கொண்டு அழுதால் அது வேறு கரப்பானாக இருக்கலாம், காட்டுங்கள்.

அப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள். தொடர்பு உண்டு, அது நன்கு அறியப்பட்டதும்கூட. பார்க்கின்சன் நோயில் தன்னியக்க நரம்புகளின் கட்டுப்பாடு தளர்வதால் எண்ணெய்ச் சுரப்பு கூடுகிறது. முகம் பளபளவென்று இருப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். முகத்தசைகள் அசைவது குறைவதால் சுரந்த எண்ணெய் தேங்குகிறது. கை நடுக்கத்தால் தலையைத் தேய்த்துக் குளிப்பதும் குறைந்துபோகிறது. பார்க்கின்சன் நோயாளிகளிடம் செய்த சில ஆய்வுகளில் இந்த அழற்சி உள்ளவர்களின் பங்கு பாதியைத் தாண்டியிருக்கிறது. பக்கவாதம், தண்டுவடக் காயம், நீண்ட மன அழுத்தம் ஆகியவற்றுக்குப் பிறகும், மனநோய்க்கான சில மருந்துகளை உட்கொள்ளும்போதும் இது கூடுவதுண்டு. இமை விளிம்பில் நீங்கள் காண்பதும் இதன் உறவுதான். அதற்கு இமை விளிம்பு அழற்சி என்று பெயர். பார்க்கின்சன் உள்ளவர்கள் கண் சிமிட்டுவதும் குறைவு என்பதால் கண் வறட்சி அதனோடு சேர்ந்துகொள்கிறது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய இமைகளின்மீது ஐந்து நிமிடம் வைத்து, பின்னர் நீர்த்த குழந்தை ஷாம்பூவில் தோய்த்த பஞ்சால் இமை முடியின் அடிப்பகுதியை மெல்லத் துடைத்துவிடுங்கள். காலை மாலை இரண்டு வாரம் செய்தும் குறையவில்லையென்றால் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இனி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த எச்.ஐ.வி. பற்றி. 1986-இல் இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது, சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகள் சோதிக்கப்பட்டது நம் வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில்தான். அதற்குப் பின் பயிற்சி பெற்ற என் தலைமுறை மருத்துவர்களுக்கு, திடீரென்று தோன்றி முகம், மார்பு, அக்குள், தொடையிடுக்கு என்று பரவி, மருந்துக்கும் அடங்காத செபொரிக் டெர்மடைட்டிஸைக் கண்டால் அந்தச் சோதனையை நினைவில் கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எய்ட்ஸ் நிலையை எட்டியவர்களில் 100-க்கு 30 முதல் 80 பேருக்கு மேல் வரை இது காணப்பட்டதாக ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஆனால் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் படிக்கக் கூடாது. எய்ட்ஸ் உள்ளவர்களில் பலருக்கு இது இருக்கிறது என்பதால், இது உள்ளவர்களில் பலருக்கு எய்ட்ஸ் இருக்கிறது என்று ஆகிவிடாது. காலராவில் எல்லாருக்கும் வயிற்றுப்போக்கு உண்டு, வயிற்றுப்போக்கு உள்ள எல்லாருக்கும் காலரா இல்லை. ஐந்தாறு ஆண்டுகளாக மூக்கு மடிப்போடும் புருவத்தோடும் நின்றுவிட்ட, குளிர்காலத்தில் கூடி வெயிலில் குறைகிற உங்கள் நோய் முற்றிலும் வழக்கமான வகை. தவிர, கர்ப்ப காலத்தில் உங்களுக்கு அந்தச் சோதனையைச் செய்திருப்பார்கள். பிரசவக் கோப்பை எடுத்துப் பாருங்கள்.

சேர்ந்து வருபவற்றில் நான் அதிகம் பார்ப்பது காது. காதுத் துளையின் உள்ளே தோல் உரிந்து அரிப்பெடுக்கும். அதற்குக் கொண்டை ஊசியையோ கோழி இறகையோ விட்டுக் குடைந்து புண்ணாக்கிக்கொண்டு, காது வலி என்று வருவார்கள். அடுத்தது சொரியாசிஸ். உச்சந்தலைச் செதில் வெள்ளி நிறத்தில் தடித்து, முடியின் எல்லையைத் தாண்டி நெற்றியில் கோடு கிழித்தாற்போல் நின்று, முழங்கையிலும் முழங்காலிலும் தலைகாட்டினால், அல்லது நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் குழிகள் இருந்தால் அது சொரியாசிஸ் பக்கம் சாய்கிறது. இரண்டின் சாயலும் கலந்து வருபவர்களும் உண்டு. எங்களாலேயே உறுதியாகப் பிரிக்க முடியாத நேரங்கள் இருக்கின்றன. மார்பிலும் முதுகிலும் வரும் தேமல் இதே பூஞ்சைக் குடும்பத்தின் வேலை. முதுகில் ஒரே அளவில், அரிப்போடு வரும் சிறு பருக்களும் அதன் வேலையாக இருக்கலாம். அவற்றை முகப்பரு என்று நினைத்து மாதக்கணக்கில் தவறான மருந்து போடுகிறார்கள்.

உங்களுக்கு எழுதிக் கொடுத்தது கீட்டோகோனசோல் 2 விழுக்காடு ஷாம்பூவாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். நுரையைத் தலையில் ஐந்து நிமிடம் விட்டுவைத்துத்தான் கழுவ வேண்டும்; உடனே கழுவிவிட்டுப் பயனில்லை என்பவர்களே அதிகம். வாரம் இரண்டு முறை வீதம் நான்கு வாரம், பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அதே நுரையைக் கண்ணில் படாமல் புருவத்திலும் மூக்கு மடிப்பிலும் தடவலாம். அப்பாவின் தாடிக்கும் அது பொருந்தும். இது முற்றாகத் தீரும் நோயன்று, அடக்கி வைக்கும் நோய் என்பதை மட்டும் முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள்.


மறுமொழி: ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரன்

மருத்துவர் ஐயா சொல்லாமல் விட்ட ஒன்றை என் அனுபவத்திலிருந்து சேர்க்கிறேன். நான் ஆம்பூரில் 14 ஆண்டுகள் முதலில் தோல் பதனிடும் டேனரியிலும் பின்னர் ஷூ கம்பெனியிலும் வேலை பார்த்தவன். எனக்குப் புருவத்திலும் மீசைக்குக் கீழும் செதில் உண்டு. அதோடு கைவிரல்களின் இடுக்கிலும் புறங்கையிலும் தோல் வெடித்து நீர் வடியும். எல்லாம் ஒரே நோய் என்று நினைத்து, ஒரு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பு ஒன்றையே முகத்துக்கும் கைக்கும் இரண்டு ஆண்டுகள் தடவினேன். தடவினால் மூன்றே நாளில் சரியாகிவிடும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பும். கடைசியில் கன்னத் தோல் மெலிந்து, வெயிலில் நின்றால் நெருப்புப் பட்டதுபோல் எரிந்து, மெல்லிய இரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரிய ஆரம்பித்தன. அந்தக் களிம்பில் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்திருந்ததாம். குழாயின் பின்புறத்தில் எழுதித்தான் இருந்தது, நான் படிக்கவில்லை.

பிறகு ஒரு தோல் மருத்துவர் முதுகில் வரிசையாகச் சிறு பட்டைகளை ஒட்டி 48 மணி நேரம் நனையாமல் வைத்திருக்கச் சொன்னார். பட்டைகளைப் பிரித்துப் பார்த்தபோது, பொட்டாசியம் டைக்ரோமேட் என்ற குரோமிய உப்பு வைத்த இடம் மட்டும் ஐம்பது காசு அளவுக்குச் சிவந்து தடித்திருந்தது. குரோம் பதனிட்ட ஈரத் தோலை நாங்கள் வெட் புளூ என்போம்; அதன் நீலம் குரோமியத்தின் நிறம். அதை வெறுங்கையால் புரட்டியதன் பலனாகக் கைக்கு வந்தது ஒவ்வாமை. புருவத்துக்கு வந்தது செபொரிக் டெர்மடைட்டிஸ். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலை செய்பவர்கள் வீட்டில் யாருக்காவது முகத்தில் செதிலும் கையில் வெடிப்பும் சேர்ந்து இருந்தால் இதை நினைவில் வையுங்கள். சிமெண்டு வேலை செய்பவர்களுக்கும் இதே குரோமியம்தான் எதிரி என்று அந்த மருத்துவர் சொன்னார்.

சகோதரி, உங்கள் மாமியாரைப் போலவே எங்கள் ஆயாவும் என் தட்டைத் தனியாக வைத்தவர்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.


மறுமொழி: தோல் மருத்துவர், ராணிப்பேட்டை

மேலே சொன்ன களிம்புகளால் முகம் கெட்டு வருபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை 2018-இல் அரசு, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது; நடைமுறை எப்படி என்பது எல்லாருக்கும் தெரியும். இந்த நோய்க்கு நாங்களும் சில நேரம் ஹைட்ரோகார்ட்டிசோன் 1 விழுக்காடு போன்ற மென்மையான ஸ்டீராய்டைத் தருகிறோம். ஆனால் சில நாள்களுக்கு மட்டுமே. அடிக்கடி தேவைப்படுபவர்களுக்கு டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பு உண்டு.


மறுமொழி: ஓய்வுபெற்ற களப்பணியாளர், காட்பாடி

தொழுநோய்த் தடுப்புப் பணியில் 30 ஆண்டுகளுக்கு மேல் கிராமம் கிராமமாகச் சென்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1955-இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கப்பட்ட நாள் முதல், இந்த மாவட்டத்து மக்களுக்கு வெளிர்நிறத் திட்டு என்றாலே மனம் அங்கே போய்விடும். விழிப்புணர்வு என்ற அளவில் அது நல்லதே. ஆனால் மாநிறமும் கறுப்பும் ஆன நம் தோலில் செபொரிக் டெர்மடைட்டிஸ் சிவப்பாகத் தெரியாமல், மூக்கோரத்திலும் நெற்றியிலும் தாடையிலும் வெளிர்ந்த திட்டாகவே பல நேரம் நின்றுவிடும். சிலருக்கு இதழ் விரித்த பூவைப் போல வளைந்த விளிம்போடு மார்பின் நடுவிலும் வரும். இதைக் கண்டு, பெண் பார்க்க வந்த வீட்டார் திரும்பிப் போன கதையை ஒரு கிராமத்தில் நேரில் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு இருந்தது தொழுநோயும் இல்லை, வெண்புள்ளியும் இல்லை. நகத்தால் மெல்லச் சுரண்டினால் தவிடு போலப் பொடி உதிர்ந்தது.

நாங்கள் பஞ்சைத் திரித்து நுனியால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வோம். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறைந்திருக்கும். எண்ணெய்ப் பசையோடு உதிரும் இந்தத் திட்டில் உணர்ச்சி முழுமையாக இருக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: முகத்தில் நரம்புகள் மிக நெருக்கமாக இருப்பதால், முகத்தில் வரும் தொழுநோய்த் திட்டில்கூட உணர்ச்சி மிஞ்சியிருக்கலாம். ஆகவே முழங்கையின் உட்புறத்தில் நரம்பு கயிறு போலத் தடித்திருக்கிறதா, உடலில் வேறு திட்டுகள் உண்டா, புருவத்தின் வெளிப்பாதி முடி கொட்டியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பொடுகுதான் என்று தள்ளிவிட்டு, செதிலே இல்லாத வழவழப்பான திட்டை வளர்த்துக்கொண்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை 6 மாதமோ 12 மாதமோதான், செலவும் இல்லை. ஐயமிருந்தால் காட்டிவிடுவதில் எந்த இழப்பும் இல்லை.


மறுமொழி: ஆரணி இல்லத்தரசி

எல்லாரும் ஷாம்பூவைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் பொடுதலைச் சாற்றை நல்லெண்ணெயில் காய்ச்சித் தலையில் தேய்த்து, சனிக்கிழமைதோறும் சீயக்காய் போட்டுக் குளித்துத்தான் மூன்று பிள்ளைகளுக்கும் பொடுகைப் போக்கினேன். ஏரிக்கரையில் தரையோடு படர்ந்து கிடக்கும் செடிதான்; காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வெட்பாலைத் தைலமும் சித்த மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. எண்ணெய் தேய்க்காமல் விட்டதால்தான் இந்தத் தலைமுறைக்கு இவ்வளவு பொடுகு என்பது என் எண்ணம். மருத்துவர் இதை மறுத்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும்.


மறுமொழி: தோல் மருத்துவர், ராணிப்பேட்டை

காரணம் சொல்கிறேன் அம்மா. மலசேசியாவுக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் ஆற்றல் கிடையாது. ஆய்வகத்தில் அதை வளர்க்க வேண்டுமென்றால், மற்றப் பூஞ்சைகளுக்குப் போடும் உணவுக் கூழ் மட்டும் போதாது. அதன்மேல் ஆலிவ் எண்ணெயைப் பரப்புவார்கள். நல்லெண்ணெயிலும் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அந்த உறுத்தும் ஒலியிக் அமிலம்தான். கடலை எண்ணெயில் இன்னும் கூடுதல். எனவே எண்ணெய் தேய்த்துவிட்டு இரவு முழுவதும், மறுநாள் பள்ளி முடியும் வரை அப்படியே இருந்தால், செதில் படிந்து மறைந்ததுபோல் தெரியுமே தவிர, அடியில் விருந்து நடந்துகொண்டிருக்கும்.

ஆனால் உங்கள் வழக்கத்தில் நீங்கள் கவனிக்காத ஒரு நன்மை இருக்கிறது. நீங்கள் எண்ணெயைத் தேய்த்து, ஊறவைத்து, அன்றைக்கே சீயக்காய் போட்டு முற்றிலும் அலசிவிடுகிறீர்கள். எண்ணெய் தடித்த செதிலை இளக்குகிறது. அலசும்போது செதிலும் எண்ணெயும் சேர்ந்து போய்விடுகின்றன. எண்ணெய்க் குளியலை நான் தடுப்பதில்லை. குளிக்காத எண்ணெயைத்தான் தடுக்கிறேன். பொடுதலையைப் பற்றி என் பாடநூல்களை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் நிலையில் நான் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்குக் குணமானதை மறுக்கவும் மாட்டேன்.


மறுமொழி: குடியாத்தம் ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பிரசவக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். மருத்துவர் சொன்னதுபோலவே சோதனை முடிவு அதில் இருந்தது. அன்றிரவு தூங்கினேன்.

இந்தத் திரியை என் கணவர் அவருடைய அம்மாவுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினார். பூஞ்சை அவர் தலையிலும் இருக்கிறது என்ற இடத்தில் அவர் கொஞ்சம் கோபப்பட்டார். பிறகு, பேரனுக்கு இது தாத்தாவிடமிருந்து வரவில்லை, கருவிலேயே என்னிடமிருந்து வந்த ஹார்மோனால் வந்தது என்றதும் சமாதானமாகிவிட்டார். குற்றவாளி மாறிவிட்டதில் எனக்கு ஆட்சேபமில்லை.

ஆனால் இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. பொருக்கு போக வேண்டுமென்றால் குழந்தைக்கு உடனே குலதெய்வக் கோயிலில் முதல் மொட்டை போட்டுவிடலாம் என்கிறார். ஆடி மாதம் என்று முன்பு பேசியிருந்தோம். அதற்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இரண்டு மாதக் குழந்தைக்கு, தலையில் பொருக்கு இருக்கும்போதே மழிக்கலாமா?


மறுமொழி: தோல் மருத்துவர், ராணிப்பேட்டை

வேண்டாம். பொருக்கு முடியில் இல்லை, தோலில் இருக்கிறது. முடியை எடுத்தால் அது இன்னும் நன்றாகத் தெரியுமே தவிரப் போகாது. மேடுபள்ளமான பொருக்கின்மேல் சவரக் கத்தி ஓடினால் தோல் கிழியும். அந்தக் கீறலில் மஞ்சளையும் சந்தனத்தையும் பூசுவார்கள். பிறகு சீழ் வைத்தால் என்னிடம் வருவீர்கள். கத்தியால் மட்டுமன்று, நகத்தாலும் பிய்க்க வேண்டாம்.

குளிப்பாட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பு சிறிதளவு குழந்தை எண்ணெயைப் பொருக்கின்மேல் மட்டும் தடவி, ஊறியதும் மென்மையான தூரிகையாலோ மெல்லிய துணியாலோ வட்டமாகத் தேய்த்து, குழந்தை ஷாம்பூ போட்டு எண்ணெய் மிச்சமில்லாமல் கழுவிவிடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். உங்களுக்கு எழுதிய ஷாம்பூவை அவனுக்குப் போட வேண்டாம். பொருக்கு சிவந்து கசிந்தாலோ, கழுத்து மடிப்பிலும் தொடையிடுக்கிலும் இறங்கினாலோ மட்டும் தூக்கி வாருங்கள்.

ஆடியில் அவனுக்கு ஏழு மாதம் ஆகியிருக்கும். பெரும்பாலும் அதற்குள் உச்சந்தலை சுத்தமாகிவிடும். மொட்டையை அப்போதே வைத்துக்கொள்ளுங்கள், தாத்தா மடியில் உட்கார வைத்து.